உள்ளே வராத நாய்

மில்டூராவில் அன்று நாற்பத்து மூன்று டிகிரி.
எலுமிச்சை மரத்தின் நிழல் நகர்ந்துபோன பிறகும்
நாய் வெயிலிலேயே கிடந்தது.
"ஒரு வாரமாக உள்ளே வர மாட்டேன் என்கிறது.
ஏசி குளிராத கோபம்" என்றாள் கார்மெலா.
நானும் சிரித்தேன்.
சிரித்திருக்கக் கூடாது.

பின்சுவரோரம் பெட்டி. பழசு.
தகட்டில் ஆர் இருபத்திரண்டு என்று பொறித்திருந்தது:
தீப்பற்றாத வாயு,
வானத்தைத்தான் ஓட்டை போடும்.
சர்வீஸ் வால்வின் மூடியைத் திருகினேன்.
அழுகிய முட்டை நாற்றம்.

நாங்கள் நிரப்புகிற எதற்கும் மணம் கிடையாது.
அடுப்புக்குப் போகிற வாயுவில்தான்
நாற்றம் கலப்பார்கள், நெருப்புக்கு முன்னால்
மூக்கு முந்திக்கொள்ளட்டும் என்று.
மூடியை இறுக்கிவிட்டு முற்றத்தைப் பார்த்தேன்.
பார்பெக்யூ. அதன் கீழே சிலிண்டர்.
அதன் கழுத்தில், அங்கே இருக்கக் காரணமே இல்லாத
ஒரு பித்தளை இணைப்பு.

"புரூனோ நிரப்பியது" என்றாள்,
"சாவதற்கு முந்தின கோடையில்.
மெக்கானிக்குக் கொடுக்கிற பணத்தில்
திராட்சைக்கு உரம் வாங்கலாம் என்பார்."

"உங்களுக்கு நாற்றமே தெரியவில்லையா?"
மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.
அந்தக் காய்ச்சலோடு போனதாம்.
காபியும் ஒன்று, கழுநீரும் ஒன்று.
மற்றக் கையில் பற்றவைக்காத சிகரெட்,
கட்டைவிரலடியில் லைட்டர்.

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா
என்று கேட்பார்கள் எங்கள் பக்கம்.
வேகாது. சொல்லாமல் விட்டால்தான் வேகும்.
குரலை உயர்த்தாமல் சொன்னேன்:
"அதை என்னிடம் கொடுங்கள்."
கொடுத்தாள்.
"சரி, உள்ளே போய் ஏசியை அணைத்துவிட்டு வருகிறேன்."
"வேண்டாம். எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்,
அணைக்கக்கூட."
போடுகிற பொறியும் அணைக்கிற பொறியும்
வாயுவுக்கு ஒன்றுதான்.

வாசல் பக்கத்து மீட்டர் பெட்டியில்
மொத்த வீட்டையும் இறக்கிப் பூட்டினேன்.
சாவி என் பையில், இரண்டு போனும் வேனில்.
கோடையில் திரையை விலக்குவதே பாவம் இந்த ஊரில்.
நான் எல்லா ஜன்னலையும் திறந்தேன்.
காற்று அடுப்பின் வாயைப் போல் வந்தது. வரட்டும்.

டிடெக்டரை முகத்துக்கு நேரே பிடிப்பவன்
இந்த வேலைக்கு ஆகமாட்டான்.
இந்த வாயு எழாது, தண்ணீரைப் போல்
பள்ளம் பார்த்துப் போகும்.
முழங்கால் உயரத்தில் முனகல்.
கணுக்காலில் விட்டு விட்டு.
உள்பெட்டிக்கு நேர் கீழே, சுவரோரம்,
மடித்துப் போட்டிருந்த கம்பளியின் மேல்
அலறியது.

கம்பளி முழுக்க நாய் மயிர்.

முள் பூஜ்யத்துக்கு வந்து, நிற்கிறதா என்று காத்திருந்து,
நாலரை வரை காத்திருந்து,
பிறகுதான் கசிவைப் பார்த்தேன்.
ஒரு நட். அரைச் சுற்று தளர்வு.
இறுக்கிவிட்டுப் போயிருக்கலாம், இரண்டு நிமிட வேலை.
சிலிண்டரைத் திறந்தவெளியில் வைத்து
புரூனோவின் வாயுவை முழுதும் இழுத்தேன்,
நைட்ரஜன் விட்டுக் கழுவினேன்,
டார்ச்சை வேனிலிருந்து எடுக்கவே இல்லை,
குழாயைக் கட்டரால்தான் அறுத்தேன்.
சிவப்பு அட்டையில் எழுதிக் கட்டினேன்:
எரியும் வாயு இருந்தது. இயக்காதே. சுகிர்தன்.

"குளிர வைக்கக் கூப்பிட்டேன்" என்றாள்,
"வேகவைத்துவிட்டுப் போகிறாய்."
பதில் இல்லை என்னிடம்.
மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து
என் மேசை விசிறியை வைத்துவிட்டு வந்தேன்.
நாய் நிலைப்படியில் மோந்து மோந்து
ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருந்தது.

டீக்கின் அவென்யூ சிவப்பு விளக்கில்
சாவியைத் தேடிய கைக்கு லைட்டர் வந்தது.
கனமான பழைய எஃகு, ஓரத்தில் பி என்ற எழுத்து.
அவருடையதாகத்தான் இருக்கும்.
பின்னால், பட்டை போட்டுக் கட்டிய சிலிண்டரில்
அவருடைய வாயுவும் வந்துகொண்டிருந்தது.

எரிகிறதா என்று பார்க்கவில்லை.
நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.